கிழக்குப்பள்ளத்துக்கு நான்கு மணி நேரம்

செவ்வாய்க் கோள், சிவப்புமேடு விமானத்தளம்
வெள்ளிக்கிழமை, 10:30
விமானி இசக்கியம்மாள். தனிப் பயணம். போகுமிடம் கிழக்குப்பள்ளம் விமானத்தளம். தூரம் 1,140 கி.மீ. அட்டவணைப்படி நான்கு மணி நேரம். சரக்கு: காற்று கம்ப்ரஸர் ஒன்று. அங்கே இருந்தது நேற்றுப் பழுதாகிவிட்டது. ஆறு பேருக்கு இன்று இரவு வரைதான் மூச்சுவிடக் காற்று. அதில் இரண்டு பேர் பிள்ளைகள். விமானம் தயார்.

10:40
புறப்படவில்லை. தளத் தலைவர் சங்கரபாண்டியன் தடுத்துவிட்டார். "ராகு காலம்மா. உசுரைக் காப்பாத்தப் போற, நல்ல நேரத்துல கெளம்பு. பன்னெண்டுக்கு எடுத்தா நாலுக்கு எறங்கிரலாம்லா."

பூமியின் பஞ்சாங்கத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டிய புண்ணியவான் யாரோ! இந்த ஊரில் ஒரு நாளே பூமியைவிட நாற்பது நிமிடம் நீளம். இதில் எது ராகு, எது கேது? அவர் உத்தரவில்லாமல் ஓடுபாதைக் கதவு திறக்காது. பற்றிக்கொண்டு வருகிறது.

13:20
பறக்கிறேன். எதிர்க்காற்று. காலையில் இது இல்லை. மீதி 836 கி.மீ.

இது வெயிலில் ஓடும் விமானம். சிவப்புமேட்டில் சூரியன் ஆறு மணிக்குத்தான் மறையும் என்று அங்கே நிம்மதியாக இருக்கிறார்கள். நான் கிழக்கே போகிறேன், ஐயா! அங்கே நம் கடிகாரப்படி நாலே முக்காலுக்கே இருட்டிவிடும். போக நான்கு, வர நான்கு என்று அட்டவணையில் எழுதிவைத்தவன் சூரியனைக் கேட்டா எழுதினான்? எப்போதும் காலையிலேயே கிளம்பியதால் இது யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

15:50
மீதி 310. வெயில் சாய்ந்துவிட்டது, வேகமும் விழுகிறது. கிழக்குப்பள்ளத்திலிருந்து தேவசகாயம் அண்ணாச்சி: "இசக்கி, எங்க வார? பிள்ளைகளப் படுக்கப் போட்டுட்டோம். பேசினா காத்து செலவாவுதுல்லா."

"வந்துட்டே இருக்கேன் அண்ணாச்சி" என்றேன். வேறென்ன சொல்ல?

சங்கரபாண்டியனும் கூப்பிட்டார். "பைய போம்மா, அவசரப்படாத." வாயில் வந்ததை எழுதினால் இந்தக் குறிப்பே நாறிவிடும்.

16:45
இருட்டு. இனி பேட்டரி மட்டும். மீதி 190. பேட்டரி 130 வரைதான் இழுக்கும்.

இங்கேயே மணலில் இறக்கினால் ஹீட்டரை வைத்துக்கொண்டு விடியும்வரை தாக்குப்பிடிப்பேன். அவர்களால் முடியாது.

ஹீட்டரையும் என் காற்று பம்பையும் நிறுத்தினால் விமானம் போய்ச் சேரும். மூன்று முறை கணக்குப் போட்டேன். சனியன், மூன்று முறையும் அதேதான் வருகிறது. என் முகமூடிக் குப்பியில் அரை மணி நேரக் காற்று. பயணம் இன்னும் ஒன்றரை மணி.

இரண்டையும் நிறுத்திவிட்டேன்.

17:20
விரல் மடங்கவில்லை. பாதையைப் பூட்டியாயிற்று, விமானம் தானே இறங்கிக்கொள்ளும். சங்கரபாண்டியன் கெட்டவர் இல்லை. திட்டக்கூட முடியவில்லை, அதுதான் எரிச்சல். குப்பி காலியாகிறது.

அண்ணாச்சி, கதவைத் திறந்ததும் முதலில் கம்ப்ரஸரை இறக்குங்கள். மாட்டி ஓடவிடுங்கள். பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்த பிறகு என்னைப் பாருங்கள். அதுவரை யாரும் நின்று அழ வேண்டாம். அழுதால் காற்று செல