என் காலுக்கு அளந்த குளியலறை

நீராவிப்பிட்டி,
முல்லைத்தீவு.

அன்பு மகன் அர்ஷாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். படைத்தவன் கிருபையால் நானும் வாப்பாவும் உன் தங்கச்சி றிப்காவும் சுகம், கத்தார் வெயிலில் நிற்கிற உனக்கும் அவன் அதே சுகத்தைத் தரட்டும். போனில் சொன்னால் நீ இடையில் மறித்து ஆயிரம் கேள்வி கேட்பாய், அதனால் எழுதி வாப்பாவிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன், றிப்காவுக்குக் காட்டவில்லை. புது வீட்டு அத்திவாரம் முடிந்துவிட்டது. நீ அனுப்பிய குளியலறைப் பிளானை வாப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காண்கிறவர்களுக்கெல்லாம் காட்டித் திரிகிறார். புத்தளத்து முகாமில் எட்டுக் குடும்பத்துக்கு ஒரு கக்கூசு என்று வரிசையில் நின்றவளுக்கு, படுக்கிற அறையோடு ஒரு குளியலறை, அதில் குளியல் தொட்டி, ஆள் உயரக் கண்ணாடி! உன் மனசு பெரியது மகன். ஆனால் அந்தப் பிளான்படி கட்டப்போவதில்லை. கோபப்படாமல் மிச்சத்தையும் வாசி.

மேசன் வேலைக்கு முள்ளியவளையிலிருந்து சுகந்தினி என்றொரு பிள்ளை வருகிறாள். பெண் மேசனா என்று முகத்தைச் சுளித்த வாப்பா, இப்போது அவளுக்குத் தேநீர் பிந்தினால் எங்களோடு சண்டைக்கு வருகிறார். பிளானைக் கையில் வாங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் தொழுற பக்கம் எது அம்மா?" என்பதுதான். காட்டினேன். கக்கூசுக் கொமட் நேரே அந்தப் பக்கம் பார்க்குது, தொழுற திசையைப் பார்த்து அதில் இருக்கக் கூடாதெல்லோ, திருப்ப வேணும் என்றாள். ஐந்து நேரமும் பள்ளிக்குப் போகிற வாப்பாவும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை, ஒரு சைவப் பிள்ளை கவனித்தாள். மக்காவுக்குக் கிட்ட இருக்கிறவனுக்குக் கிப்லாத் திசை தெரியாமல் போயிற்றே என்று வாப்பா உன்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கொண்டார்.

அடுத்த கேள்வி என் காலைப் பற்றியது. "தொழ முதல் காலை எப்பிடியம்மா கழுவுறனீங்கள்?" என்று கேட்டாள். என் நடையைப் பார்த்தே பிடித்துவிட்டாள். மகன், உனக்கு மறைத்ததை இப்போது சொல்கிறேன். முழங்கால் சுகமாகிவிட்டது என்று நான் சொன்னது பொய். போன நோன்புக்குப் பிறகு என்னால் குந்தவும் முடியாது, ஒரு காலில் நின்று மற்றக் காலைத் தூக்கவும் முடியாது. பைப்படியில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன், ஈரத்தில் கதிரை வழுக்கி விழுந்தேன். அன்றிலிருந்து ஐந்து நேர வுழூவுக்கும் றிப்காதான் குனிந்திருந்து என் கால்களைக் கழுவி விடுகிறாள். வவுனியாவில் விடுதியில் தங்கிப் படிக்க அவளுக்கு ஆசிரியப் பயிற்சிக்குக் கடிதம் வந்ததே, விருப்பமில்லை என்று உனக்குச் சொன்னாளே, அவளுக்கு விருப்பமில்லாமல் இல்லை. என் கால்தான் காரணம். அது எனக்குத் தெரியும், நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் எனக்குள் கிடந்து அரித்தது. இதெல்லாம் தெரியாமல் நீ பிளானில் கழுவுகிற பேசினை நெஞ்சுயரத்தில் வைத்தாய், பிழை உன்னுடையதல்ல.

எல்லாவற்றையும் சுகந்தினியிடம் கொட்டிவிட்டேன். அவள் உடனே அத்திவாரத்துக்குள் சீமெந்துக் கற்களை அடுக்கி ஒரு இருக்கை செய்தாள். இருங்கோ, எழும்புங்கோ என்று என்னைப் பாடாய்ப் படுத்தினாள். உயர்ந்தால் கை காலுக்கு எட்டவில்லை, பதிந்தால் எழும்ப முடியவில்லை. கல்லை எடுப்பாள், பலகையை வைப்பாள், திரும்ப இருங்கோ என்பாள். பைப் எங்கே வரவேண்டும் என்று என் கையையே நீட்டச் சொல்லி அந்த இடத்தில் தடி நட்டாள். கொமட் பக்கத்தை ஒரு அரைச் சுவரால் பிரிப்பாளாம். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டுமாம், உள்ளே விழுந்தவர் கதவை மறித்துக் கிடந்தால் தூக்க வழியில்லையாம். இதெல்லாம் எங்கே படித்தாய் பிள்ளை என்று கேட்டேன். நீளக் காற்சட்டையைக் கொஞ்சம் உயர்த்தினாள். இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். "ஈர நிலத்தைப் பற்றி எனக்குத் தெரியாதோ அம்மா?" என்று சிரித்தாள். அந்தக் காலோடுதான் சாரம் ஏறுகிறாள், ஒரு வரி கோணினாலும் உடைத்துத் திரும்பக் கட்டுகிறாள். இப்படியொரு கெட்டிக்காரியை நான் கண்டதில்லை.

கடைசியில் ஒரு உயரம் சரிவந்தது. சுவருமில்லை, தண்ணீருமில்லை, அந்தக் கல்லில் இருந்தபடி வெறுங்கையால் வலது காலை விரல் நுனிவரை தடவினேன், பிறகு இடது காலை. எட்டியது மகன். வாப்பா மறுபக்கம் திரும்பிக்கொண்டார், கண்ணில் தூசு விழுந்ததாம்.

வீடு முடிய நாள் எடுக்கும், குளியலறையை மட்டும் இந்த மாதத்துக்குள் முடித்துத் தாறன் என்று சுகந்தினி சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமை நிலத்துக்குள் குழாய் தாழ்க்கிறார்கள். உன் சம்மதம் கேட்டு இதை எழுதவில்லை, நீயும் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். குளியல் தொட்டி வேண்டாம். கண்ணாடி வரட்டும், அது எனக்குப் பிடித்திருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே. உன் உழைப்பில் பரக்கத்தையும் உடம்பில் பலத்தையும் அல்லாஹ் தருவானாக.

ஒன்றை மட்டும் நினைவில் வை. பயிற்சியில் சேர அடுத்த மாதம் வரை தவணை இருக்கிறது, போகச் சொல்லி நான் றிப்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னை நம்பாமல் உனக்குப் போன் எடுத்து, நான் போனால் உம்மா என்ன செய்வா என்று கேட்பாள். உம்மாவுக்குக் கை எட்டுது, நீ போ என்று சொல்.

துஆக்களுடன்,
உன் உம்மா
ஹாலிதா