ஹாரனுக்கு வழிவிடாதவர்

குன்றாண்டார்கோவில்
6.4.2025

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றும் இல்லை, எனக்கு மனசுக்குத்தான். அம்மா முறுக்கு சுட்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தோடு பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். கண்டக்டர் பெரியண்ணன் வழியில் தின்றுவிடாமல் இருந்தால் உன் கைக்கு வரும்.

நீ பழைய கார் வாங்கியிருப்பதை அதே பெரியண்ணன்தான் வந்து சொன்னான். பெற்ற தகப்பனுக்கு முன்னால் கண்டக்டருக்குத் தெரிகிறது. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் நீயே ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்தானாம். “அண்ணே, பாப்பா சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுது” என்று பல்லைக் காட்டுகிறான்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன். வண்டியைக் கையால் ஓட்டுவதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். காதால்தான் ஓட்ட வேண்டும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் நீ எப்படி ஒதுங்குவாய்? பிறந்ததிலிருந்து உனக்கு இடி விழுந்தாலும் கேட்காது. குறையாகச் சொல்லவில்லை. அச்சாபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாய், நாலு பேர் பெருமையாகப் பேசுகிறார்கள். அதற்குக் காது வேண்டாம். காருக்கு வேண்டும்.

ஆனியில் ஐயனாருக்கு மண்குதிரை தூக்கிப் போகும் புரவி எடுப்பு வருகிறது. வண்டியை விற்றுவிட்டு வழக்கம்போல் பஸ்ஸில் வா. நம் வீட்டில் எந்த வண்டி வாங்கினாலும் குடும்பத் தலைவன் ஏறி உட்கார்ந்து முதலில் ஐயனாரிடம்தான் போகும். இந்த வண்டியில் நான் ஏறமாட்டேன். அப்புறம் உன் இஷ்டம்.

இப்படிக்கு,
அப்பா ரெங்கராஜ்


புதுக்கோட்டை
11.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

முறுக்கு வந்தது. உடைந்தது மட்டும் வந்தது. பெரியண்ணன் சித்தப்பா, கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறீர்கள் என்பதும் தெரியும். படித்தது போதும், மடித்து வையுங்கள்.

அப்பா, ஒன்று சொல்கிறேன். எனக்கு இருபத்தேழு வயசாகிறது. அம்மா என் சைகைமொழியைக் கற்றுக்கொண்டாள். பெரியண்ணன் சித்தப்பாகூடக் கற்றுக்கொண்டார். நீங்கள் ‘சோறு’, ‘தூங்கு’ என்ற இரண்டோடு நின்றுவிட்டீர்கள். வாட்ஸ்அப்பில் எழுத்து சிறுத்துத் தெரிகிறது என்கிறீர்கள். அதனால்தான் நமக்குள் பேச்சு என்றால் இன்றைக்கும் காகிதம். அந்தக் காகிதத்திலும் ‘விற்றுவிடு’ என்றுதான் எழுதுவீர்கள் என்றால் எப்படி?

நான் திருட்டுத்தனமாக ஓட்டவில்லை. காது கேட்காதவர்களும் ஓட்டலாம் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்டு வருஷக்கணக்காகிறது. டாக்டரிடம் போனேன், பயிற்சி எடுத்தேன், ஓட்டிக் காட்டினேன். லைசென்ஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருத்தர் பக்கத்து ஆளிடம், “இதுகளுக்கெல்லாம் லைசென்ஸ் குடுத்தா ரோட்ல நாம எப்பிடிப் போறது?” என்றார். எனக்கு உதடு படிக்கத் தெரியும் என்று எவனும் நினைப்பதில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் காரை ஓட்டிக் காட்டப் போய்க் கம்பத்தில் முட்டினார். நான் கைதட்டினேன். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டிருக்கும்.

இன்ஸ்பெக்டர், “ஏம்மா ஒரு தடவகூட ஹாரன் அடிக்கல?” என்றார். ‘குறுக்கே யாரும் வரவில்லை சார்’ என்று எழுதிக் காட்டினேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இந்த ஊரில் காதுள்ளவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஒருத்தன் செல்போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு போகிறான். ஒருத்தன் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குத்துப்பாட்டு போட்டிருக்கிறான். ஒரே பைக்கில் நாலு பேர், நாலு பேருக்கும் சேர்த்து ஒரு ஹெல்மெட், அதுவும் ஹேண்டில்பாரில் தொங்குகிறது. எட்டுக் காது இருந்து என்ன பயன்? அவர்களை எவனும் மறித்துக் கேட்பதில்லை. நான் மட்டும் ஊருக்கே ஆபத்து.

புரவி எடுப்புக்கு வந்தால் என் காரில்தான் வருவேன். இல்லையென்றால் வரமாட்டேன். ஐயனார் குதிரைக்கு மண்ணில்தான் காது வைத்திருக்கிறார்கள். அதில் ஏறித்தான் அவர் ஊரைச் சுற்றிக் காவல் காக்கிறார் என்று கும்பிடுகிறீர்கள். முதலில் அவரிடம் போய் லைசென்ஸ் கேளுங்கள்.

அன்புடன்,
சிவரஞ்சனி


குன்றாண்டார்கோவில்
17.4.2025

மகள் சிவரஞ்சனிக்கு,

ஐயனாரை இழுக்காதே. குதிரைக்குப் பின்னால் லாரி வராது.

உன் கடிதத்தை டீக்கடையில் வாசித்தேன். எல்லாரும் என் பக்கம்தான். ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வாள் என்று ஒருத்தன் கேட்டான். ரயில்வே கேட்டில் ரயில் வரும் சத்தம் கேட்காதே என்றான் இன்னொருத்தன். இன்ஜின் உறுமுவதைக் கேட்காமல் எப்படி கியர் மாற்றுவாள் என்று நானே கேட்டேன். உன் அம்மா மட்டும், “அவ மாத்துவா, நீங்க டீயக் குடிச்சிட்டு வாங்க” என்று தெருவில் நின்றபடி சொல்லிவிட்டுப் போனாளாம். பக்கத்தில் இருந்தவன் சொல்லித்தான் தெரிந்தது.

இருந்தாலும் தகப்பன் மனசு கேட்கவில்லை. நான் வேலையிலிருந்து நின்ற அன்று முதலாளி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார், விபத்தே இல்லாமல் ஓட்டியதற்காக. கூட இருந்த பையன்கள் ஒரு ஏர் ஹாரன் கொடுத்தார்கள். அதைப் பெரியண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். விற்க மனசில்லை என்றால் இதையாவது மாட்டு. இந்த ஹாரனுக்கு ஒதுங்காத ஜீவன் இந்த ஜில்லாவில் கிடையாது.

அப்பா


புதுக்கோட்டை
25.4.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

ஏர் ஹாரனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது வைக்கக்கூடாது, அபராதம் போடுவார்கள். காது கேட்கிற உங்களுக்கு இதைக் கேட்காத நான் சொல்ல வேண்டியிருக்கிறது. என் காரில் ஏற்கெனவே ஹாரன் உண்டு, நன்றாக அடிக்கிறது, ஆடுகள் ஓடுகின்றன. ஹாரன் அடிக்கிறவருக்குக் கட்டைவிரல் இருந்தால் போதும்.

உங்கள் டீக்கடைக்குச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸின் தலையில் விளக்கு சுழல்வது அழகுக்கு இல்லை. போன வாரம் ஒரு ஆம்புலன்ஸ் தூரத்தில் வரும்போதே கண்ணாடியில் பார்த்து இடது ஓரம் நிறுத்திவிட்டேன். எனக்கு முன்னால் போன கார்க்காரர் நகரவே இல்லை. உள்ளே பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், தலை ஆடியது. ரயில்வே கேட்டில் குனிந்து புகுந்து போகிற அத்தனை பேருக்கும் காது பிரமாதமாகக் கேட்கிறது. கியர் என் உள்ளங்காலுக்குத் தெரியும். வண்டி திணறினால் நடுக்கம் காலில் ஏறும். நான் கண்ணாடி பார்க்கிற அளவுக்கு யாரும் பார்க்கமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குக் காது இருக்கிறது என்ற மெத்தனம்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? வைக்கோல் கட்டு இடிக்கிறது என்று மொபெட்டில் இருந்த இரண்டு கண்ணாடியையும் கழற்றி எறிந்துவிட்டீர்கள். இதில் எனக்கு அறிவுரை.

அம்மாவுக்கு முத்தம்.

சிவரஞ்சனி


புதுக்கோட்டை
12.5.2025

அப்பாவுக்கு,

நேற்று ஊருக்கு வந்துவிட்டு வீட்டுக்குள் வராமல் ஏன் திரும்பினேன் என்று அம்மா கேட்டு அனுப்பியிருக்கிறாள். நீங்கள் அவளிடம் என்ன சொன்னீர்களோ தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

சொல்லாமல் வந்து வாசலில் காரை நிறுத்தி உங்களை அசத்தலாம் என்றுதான் கிளம்பினேன். குன்றாண்டார்கோவில் விலக்கு தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் போர் நகர்ந்து போனது. அதற்குக் கீழே உங்கள் மொபெட். நடு ரோட்டில் போய்க்கொண்டிருந்தீர்கள். ஹாரன் அடித்தேன். திரும்பவில்லை. மறுபடி அடித்தேன், கையை எடுக்காமல் அடித்தேன். ரோட்டோரம் மேய்ந்த மாடுகள் வயலுக்குள் இறங்கின. கடைவாசலில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். நீங்கள் அசையவில்லை.

அதற்குள் எனக்குப் பின்னால் பெரியண்ணன் சித்தப்பாவின் பஸ் வந்து சேர்ந்தது. நீங்கள் ஓட்டிய அதே பஸ். டிரைவர் ஹாரனை அமுக்கியது என் சீட்டு வரைக்கும் அதிர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால் ஜன்னலோரம் எல்லாரும் காதைப் பொத்தியிருந்தார்கள். ஒரு கிழவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினார். நீங்கள் மட்டும் ராஜா மாதிரிப் போனீர்கள். மாட்டு வண்டி வேகத்தில் ஊர் வரைக்கும் ஊர்வலம். முன்னால் வைக்கோல், நடுவில் நான், பின்னால் பஸ்.

டீக்கடையில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தீர்கள். கடையே சிரித்தது. உங்கள் முகம் கறுத்துப்போனது. என்னைப் பார்த்தீர்கள், பிறகு மொபெட்டை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள். சாத்திய கதவைத் தட்டினால் உங்களுக்குக் கேட்காது என்று அப்போதுதான் தோன்றியது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. திரும்பிவிட்டேன்.

எப்போதிலிருந்து அப்பா?

சிவரஞ்சனி


குன்றாண்டார்கோவில்
15.5.2025

சிவரஞ்சனிக்கு,

எனக்கு ஹாரன் நன்றாகக் கேட்டது. வழிவிட மனசில்லை, விடவில்லை. ரோடு உன் அப்பன் வீட்டுச் சொத்தா என்று நினைத்தேன். நான்தான் உன் அப்பன் என்பது பிறகு தெரிந்தது.

இதைப் பற்றி இனி எழுதாதே. புரவி எடுப்புக்கு வருவதும் வராததும் உன் விருப்பம்.

ரெங்கராஜ்

(பாப்பா, எனக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல. ஆனா பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தா கயித்தப் பத்திக் கேளு, சொல்றேன். அண்ணன்கிட்ட சொல்லிப்புடாத. – பெரியண்ணன்)


புதுக்கோட்டை
22.5.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கயிற்றைப் பற்றிக் கேட்டேன். சித்தப்பா பஸ் ஸ்டாண்டில் நின்று கையால் சொன்னார். டிக்கெட் கிழித்த விரல்கள், சைகை சுத்தமாக வருகிறது.

நீங்கள் ஓட்டிய கடைசி சில வருஷங்களில் அவர் விசில் ஊதினால் பஸ் நிற்பதில்லையாம். மருதமரத்து ஸ்டாப்பில் இறங்க வேண்டியவர்கள் அடுத்த ஊரில் இறங்கி அவரைத்தான் திட்டினார்களாம். “விசிலு சத்தம் பத்தல” என்று நீங்கள் சொன்னதும் மூன்று தடவை புது விசில் வாங்கினாராம். கடைசியில், உங்களிடம் கேட்கப் பயந்துகொண்டு, உங்கள் சீட்டுக் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு இழுப்புக்கு நிறுத்தம், இரண்டு இழுப்புக்கு ரைட். சீட்டு அசையும், நீங்கள் புரிந்துகொள்வீர்கள். இது ஏன் என்று அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. பயணிகள் ஏதோ புது ஏற்பாடு என்று நினைத்தார்களாம். ஒரு பாட்டி தெரியாமல் கயிற்றைப் பிடித்து எழுந்ததில் பஸ் நடுக்காட்டில் நின்றதாம்.

இதைச் சொல்லிக்காட்ட எழுதவில்லை அப்பா. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் காரை விற்கச் சொன்னவர், அறுபது பேரை ஏற்றிக்கொண்டு கேட்காத காதோடு ஓட்டியிருக்கிறார். கோபத்தோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. முதலாளி கொடுத்த கடிகாரம். அது எந்த வருஷங்களுக்காக? கயிறு கட்டிய வருஷங்களுக்கும் சேர்த்துத்தான். அந்த வருஷங்களில் ஒரு ஆட்டுக்குட்டிக்குக்கூடக் கீறல் இல்லை என்று சித்தப்பா சத்தியம் செய்கிறார். உங்களுக்குக் கேட்கவில்லை, நீங்கள் பார்த்து ஓட்டினீர்கள். இரண்டு கண்ணாடியையும் விடாமல் பார்த்துக்கொண்டே ஓட்டினீர்களாம். “அண்ணன் மாதிரிக் கண்ணாடி பாக்குற டிரைவர நான் பாத்ததில்ல” என்றார்.

நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். யாரிடம் கற்றேன் என்று இத்தனை நாள் தெரியவில்லை. சின்ன வயசில் உங்கள் பஸ்ஸில் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தபோது உங்கள் கண் போகிற இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டே வருவேன். எனக்கு வேறு வேலை இல்லை அல்லவா.

நம் வீட்டின் முதல் காது கேட்காத டிரைவர் நான் இல்லை. அந்த முதல் டிரைவர் வந்து முன் சீட்டில் உட்கார்ந்தால்தான் கார் ஐயனாரிடம் போகும். எலுமிச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன். காய்ந்தால் வேறு வாங்குவேன்.

உங்கள்
சிவரஞ்சனி


குன்றாண்டார்கோவில்
15.6.2025

அன்பு மகள் சிவரஞ்சனிக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வருகிறது, பார்த்தாயா. ஸ்டாம்ப் ஒட்டிப் பசை தடவி மூடியிருக்கிறேன். பெரியண்ணனோடு பேச்சு இல்லை. அவன் தினமும் டீக்கடையில் நின்று ஏதோ சொல்லிவிட்டுப் போகிறான். என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. அதையும் உனக்குத்தான் எழுத முடிகிறது.

உன் கடிதத்தை டீக்கடையில் வாசிக்கவில்லை. அம்மாவிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் நின்று என்னவோ சொன்னாளாம், நான் திரும்பவில்லையாம். இதை அவள் வருஷக்கணக்காகச் செய்து வருகிறாளாம். அத்தனை நாளும் என்ன சொன்னாய் என்று கேட்டால் சிரிக்கிறாள். நல்லதாக இருக்காது.

காதைக் காட்ட டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்கிறாள். பஸ்ஸில் போனால் பெரியண்ணன் டிக்கெட் கேட்பான், நான் என்ன சொல்வது? அதனால் உன் காரில் வருகிறேன். ஆனால் முதலில் ஐயனார். வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடு. முன் சீட்டில் உட்காருவேன். வழியில் நான் ‘பிரேக், பிரேக்’ என்று கத்தினால் உனக்குக் கேட்காது. அதுதான் இந்த வண்டியில் பெரிய சௌகரியம் என்கிறாள் உன் அம்மா. ‘மெதுவாகப் போ’ என்பதற்கு என்ன சைகை என்று அவளிடம் கேட்டுக் கற்றிருக்கிறேன். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து அமுக்க வேண்டுமாம். இதோடு எனக்கு மூன்று.

டீக்கடைக்காரர்கள் வாசலில் நின்று பார்ப்பார்கள். பார்க்கட்டும். கடை முன்னால் ஒரு தடவை ஹாரன் அடி. எனக்காக இல்லை, அவர்கள் ஒதுங்கட்டும்.

அப்பா

பி.கு.: வரும்போது என் மொபெட்டுக்கு இரண்டு கண்ணாடி வாங்கி வா. வைக்கோல் இடித்தால் இடிக்கட்டும்.