வாசலை விடாத ராணி

வீடு முழுக்க அந்துருண்டை வாசனை. உங்கள் அண்ணன் ஆபீசில் கணக்கெழுதும் யாரோ ஒரு கிராணியிடம் இரவல் வாங்கிவந்த கறுப்புக் கோட்டு ஒரு வாரமாக முக்காலியின்மேல் கிடந்தது. இன்று காலை உங்கள் வருஷத் திதி முடிந்ததும் அவரே அதை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கோட்டு போய்விட்டது, வாசனை போகவில்லை. சன்னலைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரை நீங்கள் இருந்தபோதும் நான் சொன்னதில்லை, இப்போதும் எழுதப்போவதில்லை. என் புருஷனிடம்தான் பேசுகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அந்தக் கோட்டு உங்கள் படத்துக்காக வந்தது. ஆயுளில் ஒரே தடவைதான் உங்களைப் போட்டோ பிடித்தார்கள், நம் ரயில்வே ஆட்கள் நாடக சபை நடத்தியபோது, நோட்டீசில் போடுவதற்காக. உங்கள் அண்ணன் ராஜபார்ட், நீங்கள் ஸ்திரீபார்ட். அவர் அட்டைக் கத்தியை ஊன்றிக்கொண்டு நிற்கிற போட்டோ இன்றும் சபைக் கொட்டகையில் தொங்குகிறது. உங்களுடையது என் தகரப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் இருந்தது. பட்டுச்சேலை, சவுரி முடி, தலை நிறையப் பூ, மூக்கில் ஒரு கவ்வு மூக்குத்தி. ராணி வேஷம். என்னைவிட நீங்கள்தான் அழகு. அதை நான் எந்தச் சபையிலும் சொல்வேன்.

திதிக்குப் படம் வைக்க வேண்டும், இருப்பது இது ஒன்றுதான். உங்கள் அண்ணன் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏம்மா, இதுக்கா மாலை போடுவ? வர்றவன் பொம்பளைக்குத் திதியா, ஆம்பளைக்குத் திதியான்னு கேக்கமாட்டானா?”

“கேட்டா நான் சொல்லிக்கிறேன் மாமா.”

“நீ சொல்லுவ, தலை குனியறது நானில்ல? சீனன் கடையில குடுத்தா மூஞ்சிய மட்டும் எடுத்து, கோட்டு மாட்டி, நல்ல மீசையா வச்சு, பெரிய படமா எழுதித் தருவான். கிராணி வீடுங்கள்ல எல்லாம் அப்படித்தான் தொங்குது.”

“அவரு ஒருநாளும் மீசை வச்சதில்லையே மாமா.”

“செத்த பொறகாவது வைக்கட்டும் லா!”

போட்டோவை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். போகும்போது வாசலில் திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னார்: சேலை கட்டின படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அவர் திதி கொடுக்கமாட்டாராம். நமக்குப் பிள்ளை இல்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்க அவரை விட்டால் உங்களுக்கு ஆள் கிடையாது. அது தெரிந்துதான் சொன்னார். கோட்டை மட்டும், உங்கள் தோள் அளவுக்குச் சரியாக இருக்கிறதா பார் என்று இங்கேயே போட்டுவிட்டுப் போனார். தோளே இல்லாதவருக்கு அளவு பார்ப்பதாம்.

அந்த வாசனை மூக்கில் ஏற ஏற எனக்குத் தூக்கம் போயிற்று. பழசெல்லாம் கிளம்பி வந்தது.

கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தை விட்டு நான் ஓடிவந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அப்பா அம்மா இரண்டு பேரையும் காய்ச்சல் கொண்டுபோன பிறகு, என்னைத் தன் வீட்டுக்கே இரண்டாவதாக வந்துவிடு என்றான் கங்காணி. கேட்டான் என்றா நினைக்கிறீர்கள்? நாளே குறித்துவிட்டான். ரப்பர் பால்வாளியை மரத்தடியில் கவிழ்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் பலகைக்கு அடியில் சுருண்டு கிடந்தேன். வண்டி கோலாலம்பூர் வந்து நின்றதும் தெரியாது, சனங்கள் இறங்கிப் போனதும் தெரியாது. ஒரு துடைப்பம் வந்து காலில் இடித்தது. நீங்கள் குனிந்து பார்த்தீர்கள்.

“அம்மா, வண்டி கழுவணும். கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?”

அந்தத் தோட்டத்தில் என்னை யாரும் ‘ங்க’ போட்டுப் பேசியதில்லை. அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகையே வந்தது. நீங்கள் ஏன், எங்கே, யார் என்று ஒன்றும் கேட்கவில்லை. அழுது முடிக்கும்வரை அடுத்த பெட்டியைக் கழுவிவிட்டு வந்தீர்கள். பிறகு பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் பலகை வீட்டில் தனியாக இருந்த அஞ்சலை அக்காவிடம் கொண்டுவந்து விட்டீர்கள். நான் இன்றைக்கும் இருப்பது இதே வீடுதான். அக்காவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. வாய் மட்டும் அன்றைக்கு இருந்த வாய்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல் கங்காணி இரண்டு ஆட்களோடு வந்துவிட்டான். அக்கா மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். குரலைக் கேட்டதும் முறம் கையிலிருந்து விழுந்தது. நீங்கள் பைப்படியில் நாடகச் சேலையை அலசிக்கொண்டிருந்தீர்கள். அந்த ஈரச் சேலையைத் தோளில் போட்டபடியே ஓடிவந்து, இந்த வாசற்படியில் உட்கார்ந்துகொண்டீர்கள். இரண்டு கையாலும் இரண்டு நிலைக்காலையும் பிடித்துக்கொண்டீர்கள்.

கங்காணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னடா இது? நீ ஆம்பளையா, பொம்பளையா?”

“எதுவா இருந்தா என்னங்க, வழி இல்லீங்க.”

“எங்க தோட்டத்துப் புள்ளடா அது. எந்திரி.”

“அவங்க வரமாட்டாங்களாம்ங்க. வழி இல்லீங்க.”

உங்களிடம் கத்தி இல்லை, கம்பு இல்லை. ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. உதைத்தார்கள், இழுத்தார்கள். கங்காணி குடைக் கைப்பிடியால் முகத்தில் அடித்தான். ‘வழி இல்லீங்க’ என்று சொல்லிச் சொல்லி, ரத்தம் வாய்க்குள் இறங்கினபிறகு சொல்லும் வரவில்லை. கை மட்டும் நிலைக்காலை விடவில்லை.

எதிரே குவாட்டர்ஸில் உங்கள் அண்ணன் இருந்தார். முதல்நாள்தான் மேடையில் மூன்று பேரை ஒற்றை ஆளாக வெட்டிச் சாய்த்திருந்தார், கொட்டகையே எழுந்து நின்று கை தட்டியது. அவர் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தமும், தாழ்ப்பாள் விழுகிற சத்தமும் எனக்குக் கேட்டது. உங்களுக்கும் கேட்டிருக்கும்.

அக்கா மீன் கூடையோடு வந்து பார்த்துவிட்டுப் போட்ட கூச்சலில் பைப்படிப் பெண்கள் எல்லாம் திரண்டுவிட்டார்கள். அத்தனை பேர் நடுவே, சேலையைப் போட்டுக்கொண்டு அழுகிற ஒரு மனிதனை அடித்துக்கொண்டு நிற்கக் கங்காணிக்கே வெட்கமாகிவிட்டது. “இந்தப் பொட்டச்சிய அடிச்சு எனக்கென்ன பேரு?” என்று துப்பிவிட்டுப் போனான். பிறகு அவன் இந்தப் பக்கமே வரவில்லை.

வாசற்படி நனைந்து கிடந்தது. சேலையிலிருந்து சொட்டின தண்ணீர் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் உங்களுக்குப் பின்னாலேயே நின்றவள். எனக்குத் தெரியும். சாயங்காலம் தலை குனிந்தபடி கேட்டீர்கள்: “பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.”

இத்தனை வருஷம் சொல்லவில்லை. இனிமேல் சொல்வேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த நாடகத்திலெல்லாம் வீரனுக்குப் பயமே கிடையாது. பயமில்லாதவன் நிற்பதில் என்ன இருக்கிறது? தூணும்தான் நிற்கிறது. பயந்து, நடுங்கி, வேட்டியிலேயே போய், அப்புறமும் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தீர்களே, அதை எந்த வாத்தியார் நாடகமாக எழுதியிருக்கிறார்? நீங்களே ஒருநாள் சொன்னீர்கள்: “மேடையில ராணி அழறப்ப ராஜா வந்து காப்பாத்துவாரான்னு சனம் ஏங்கும். எனக்கு மட்டும் தெரியும், எங்கண்ணன் திரைக்குப் பின்னால சுருட்டு குடிச்சிட்டிருக்குன்னு.”

மூக்கு எலும்பு கோணலாகவே கூடியது. குரல் மூக்கிலேயே அடைத்துக்கொண்டது. சபையில் ராணி வேஷத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் அவருக்கு அரிதாரம் பூசிவிட்டீர்கள், சேலைக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டீர்கள். உங்களுக்கு ஆசையாய் இருந்தது அது ஒன்றுதான். அதுவும் என்னால் போயிற்றே என்று ஒருநாள் நான் சொன்னபோது, “வாசல்லயே உக்காந்து பழக்கமாயிருச்சு, உள்ள வந்துரட்டுமா?” என்று கேட்டீர்கள். கல்யாணத்துக்கு இப்படியும் ஒருவர் பெண் கேட்பாரா!

இப்போது கேளுங்கள் நான் செய்ததை. திதிக்கு முந்தின நாள் சீனர் கடைத்தெருவுக்கு நடந்தே போனேன். படக்கடை முதலாளி தவ்கே உங்கள் முகத்தைப் பெரிதாக எழுதி முடித்திருந்தார். கழுத்துக்குக் கீழே கோட்டைக் கரியால் கோடு போட்டு வைத்திருந்தார். மீசைக்கு ஓர் அட்டையே இருந்தது. முறுக்கு மீசை, குறு மீசை, பட்டை மீசை, எது வேண்டும் என்று அட்டையை நீட்டினார். எனக்குத் தெரிந்த பாசார் மலாயில் மீசை வேண்டாம் என்றேன். கோட்டும் வேண்டாம். போட்டோவில் என்ன இருக்கிறதோ அதுதான் வேண்டும், சேலை.

“இது வாயாங் பொம்பளை, கூத்துக்காரி. செத்தவர் ஆம்பளை என்றார்களே?”

“இவர்தான் அவர்.”

தவ்கே போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சரி, பைத்தியம் என்று நினைத்திருப்பார். துணியால் கோட்டைத் துடைத்தார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. என் மூக்கை விரலால் ஒரு பக்கம் அழுத்திக் காட்டினேன். மூக்கை இப்படிக் கோணலாக்குங்கள் என்றேன்.

மனிதர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். அவர் கடைக்கு வருகிறவர்கள் கோணலை நேராக்கத்தான் கேட்பார்களாம். நேரான மூக்கை உடைக்கச் சொன்ன ஆள் நான்தானாம். உடைத்தது நான் இல்லை, எனக்காக உடைந்தது என்று சொல்ல எனக்கு அவ்வளவு மலாய் வரவில்லை. அழுத்திய விரலை எடுக்காமலே நின்றேன். எழுதிக் கொடுத்தார். பொல்லாத கைக்காரர். மூக்குத்தியோடு சேர்ந்து அப்படியே நீங்கள்.

இன்று காலை படத்தைச் சுவரோரம் வைத்து மாலை போட்டேன். ரயில்வே ஆட்கள் வந்தார்கள். வரிசையாகப் பாயில் உட்கார்ந்தார்கள். கடைசியில் ஓர் இளவட்டம், “என்னா, ராணிக்கு மூக்கு கோணிக்கிச்சு?” என்று சிரித்தான். அஞ்சலை அக்கா அடுப்படியிலிருந்தே கத்தினாள்:

“கங்காணி குடை போட்ட கோணல்டா அது! உன் மூக்கு நேராத்தான இருக்கு? எவளுக்காவது அதைக் குடுத்துப் பாரு!”

அவன் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். உங்கள் அண்ணன் வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. ஐயர் எள்ளை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் போய்ச் சொன்னேன்.

“மாமா, இந்தப் படத்தை நான் எடுக்கமாட்டேன். நீங்க உக்காந்தாலும் சரி, உக்காராட்டியும் சரி. நீங்க இல்லன்னா நானே தண்ணி விடறேன். பொம்பளை விட்டா சேராதுன்னு ஐயர் சொல்லட்டும். பொம்பளை விடற தண்ணி அவருக்குச் சேரும்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக உங்கள் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷமும் உங்கள் முகத்தைப் பார்க்காமலேதான் உங்களோடு பேசினார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கோட்டையும் மீசையையும் அவர் யாருக்காகத் தேடினார் என்பதும்.

“அன்னைக்கு…” என்றார். காது கொடுத்துத்தான் கேட்கவேண்டியிருந்தது. கொட்டகையே அதிரும் குரல். “அன்னைக்கு எனக்கு என்ன பேசறதுன்னே தெரியலம்மா. யாரும் வசனம் எழுதிக் குடுக்கல.”

“அவருக்கும் யாரும் எழுதிக் குடுக்கல மாமா.”

செருப்பைக் கழற்றினார். படியைத் தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தார். எள்ளை வாங்கிக்கொண்டார். முடிவுவரை கொடுத்தார். நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். சாப்பாடு போட்டேன், அவ்வளவுதான்.

ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த வீட்டு வரிசைப் பிள்ளைகள் இப்போது வேறு கதை சொல்லித் திரிகிறார்கள். நீங்கள் குடையைப் பிடுங்கி மூன்று பேரையும் தண்டவாளம்வரை விரட்டினீர்களாம். அதுவும் ஒரு மீசைதான். பாசத்தில் வைக்கிற மீசை. அதையும் நான் விடப்போவதில்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நனைந்த படி உட்பட.

நாளைக்குச் சபைக்குப் போகப்போகிறேன். உங்கள் அண்ணன் கத்தி ஊன்றி நிற்கிற போட்டோ மாட்டியிருக்கிற சுவரில், அதற்குப் பக்கத்திலேயே, இந்தப் படத்துக்கும் ஓர் ஆணி கேட்கப்போகிறேன். தரமாட்டார்கள். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்பார்கள். கூட்டத்தில் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. நினைத்தாலே கால் இப்போதே நடுங்குகிறது.

நடுங்கட்டும். அது பாட்டுக்கு நடுங்கட்டும், நான் பாட்டுக்கு நிற்கிறேன்.