சாமி மேடைக்கு மேலே ஒரு பை

இன்று காலை நெத்திலி பொரித்தேன். வேர்க்கடலையும் சேர்த்து, ஆறவைத்துப் போத்தலில் அடைக்கும்போது வாசம் கூடம் வரை போனது. "எனக்குக் கொஞ்சம் எடுத்து வச்சிடு லா" என்று நீங்கள் குரல் கொடுக்கவில்லை. நீங்கள் இல்லாத வீட்டில் முதல் மழைக்காலம் இது.

வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வெள்ளப் பையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பிஸ்கட், சார்டின் டின், டார்ச் லைட், குடிதண்ணீர், பிளாஸ்டிக் உறையில் அடையாள அட்டை, என் சர்க்கரை மாத்திரை. நம் ஊர் பாகான் செராயில் வயலெல்லாம் நிரம்பிக் கிடக்கிறது. மழை இன்னும் விட்டபாடில்லை.

பெரிய வெள்ளம் வந்த அந்த வருஷமும் இப்படித்தான் கட்டினோம். வீட்டிலேயே உயரமான இடம் என்று சாமி மேடைக்கு மேலே இருக்கும் பலகையில் பையை வைத்தவர் நீங்கள். கந்த சஷ்டி விரதம் தொடங்கியதும் பதறிப்போய் இறக்கியவரும் நீங்கள்தான். "முருகன் தலைக்கு மேல மீன் டின்னா? விரதம் முடியிற வரைக்கும் கீழ இருக்கட்டும் லா" என்று கட்டிலுக்கு அடியில் தள்ளினீர்கள். விரதம் முடியும்வரை மழை காத்திருக்குமா? நாம் கோயிலில் இருந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மாத்திரையெல்லாம் கூழாகிப் போனது. வெள்ளத்துக்கு ஒதுங்கிய பள்ளி மண்டபத்தில் நான் தலைசுற்றிக் கிடந்தேன். நீங்கள் மீட்புப் படகில் தொற்றிக்கொண்டு கிளினிக் போய் மாத்திரை வாங்கி வந்தீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

வீடு திரும்பியதும், சேற்றைக் கழுவும் முன்பே, புதுப் பை பலகையில் ஏறியது. உங்கள் அக்கா சண்டைக்கு வந்தார். "சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன்க்கா. இவ மாத்திரை மேலதான் இருக்கும்" என்றீர்கள். சாமிக்குப் பூ வைக்காமல் ஒரு வாய் சாப்பிடாத மனுஷன்! அந்த ஒரு பேச்சுக்காக, நீங்கள் என்னோடு போட்ட சண்டையையெல்லாம் மன்னித்துவிட்டேன். மறக்க மாட்டேன், அது வேறு கதை.

இப்போது நம் மகன் ஜெலாப்பாங்கிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறான். "வீட்ட வித்துட்டு எங்களோட வந்துருங்கம்மா. வருஷா வருஷம் பஞ்சிர், வீட்டைச் சுத்தி வெள்ளம். தனியா எப்படிச் சமாளிப்பீங்க?"

பாசத்தில்தான் சொல்கிறான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நாம் வேலை செய்த தோட்டத்தை முதலாளி விற்றபோது, தொழிலாளர்களுக்குக் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். லாரியில் சாமான் ஏற்றி, வாய் திறக்காமல் வந்தோம். வாழ்க்கையில் ஒரு தடவை அப்படி வெளியேறியது போதும். இது நாம் கட்டிய வீடு. தண்ணீர் ஏறினால் முரண்டு பிடிக்க மாட்டேன், முதல் படகிலேயே ஏறிவிடுவேன். வடிந்ததும் துடைப்பத்தோடு வந்து நிற்பேன். விற்க மாட்டேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

பையைப் பலகையில் ஏற்றச் சொன்னேன். "நாளைக்கு சஷ்டி ஆரம்பம்மா" என்று தயங்கினான்.

"ஏத்துடா."

தூக்கும்போது உள்ளே ஏதோ கிணுகிணுத்தது. "என்னம்மா இது?"

"வாசக்கதவுச் சாவி. அப்பாவோடது."

"வெளிய ஓடுறதுக்குக் கட்டுற பையில சாவி எதுக்கு?"

"திரும்பி வரணும்ல?" என்றேன்.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பையை மேலே வைத்தான்.