எனக்குத் தண்ணீரில் கண்டம்

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் இந்தத் தை மாதத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியே இருக்கிறது, வாயும் அப்படியே இருக்கிறது. உன் சைக்கிளை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட நீ எடுத்துப் போகும் அந்த நீளமான இரும்புச் சாவியும் கட்டிலுக்கு அடியில், உன் டிரங்குப் பெட்டியை ஒட்டிக் கிடக்கிறது. வீடு பெருக்கும்போதெல்லாம் அம்மா அதில் கால் இடித்துக்கொண்டு உன்னைத் திட்டுகிறாள். உனக்குக் கேட்கிறதா?

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு போட்டியில் கலந்துகொள்கிறேன் நைனா. டிரையத்லான் என்று பெயர். முதலில் எழுநூற்றைம்பது மீட்டர் நீச்சல். கரையேறிய கையோடு இருபது கிலோமீட்டர் சைக்கிள். அதிலிருந்து இறங்கியதும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். இந்த வகையில் இது சின்னது என்கிறார்கள். பெரிசு எல்லாம் செய்கிறவர்கள் மனுஷர்கள்தானா என்று எனக்குச் சந்தேகம்.

நாற்பத்தைந்து வயசில் இது தேவையா என்று வேறு யாராவது கேட்பார்கள். நீ அதைக் கேட்க மாட்டாய். நீச்சல் என்ற வார்த்தையிலேயே நின்றிருப்பாய். கொஞ்சம் உட்கார், முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் எங்கள் லேபில் புது மெஷின் ஒன்று வந்தது. சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ரத்தம் வேண்டும் என்றார்கள், நான் கையை நீட்டினேன். இருபது வருஷமாக ஊரார் கையில் ஊசி குத்துகிறவள், என் சர்க்கரையை ஒருநாளும் பார்த்ததில்லை. மெஷின் நன்றாகத்தான் ஓடியது. உன் வியாதி என் வாசலில் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பதைச் சொல்லிவிட்டது. கடைசி ஆறு வருஷம் உனக்கு நான்தான் இன்சுலின் போட்டேன். அதை எனக்கு இன்னொருத்தர் போடுவதை நினைக்கவே முடியவில்லை.

மறுநாளே அல்சூர் ஏரியைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் நடை ஓட்டமானது. அங்கேதான் காவ்யா பழக்கமானாள். இருபத்தாறு வயசுப் பெண், கன்னடக்காரி, எங்களைப் போன்ற ஏழெட்டுப் பேருக்குப் பயிற்சி கொடுக்கிறவள். நான் லேபுக்கு சைக்கிளில் போவதையும் பார்த்து வைத்திருந்தாள். உன் சைக்கிளில் அரைப் பெடல் போட்டுப் பழகிய கால் ஆயிற்றே, அது மறக்குமா? ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"மேடம், ஓடுறீங்க. சைக்கிள் சூப்பரா ஓட்டுறீங்க. பாக்கி நீச்சல் ஒண்ணுதானே?"

"அது மட்டும் வேணாம் காவ்யா. எனக்குத் தண்ணில கண்டம்."

"யாரு சொன்னது?"

"எங்க நைனா. ஜாதகத்துல இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "எங்க மனேல, வீட்டுலயும் இப்படி எல்லாம் சொல்வாங்க மேடம். நாலடித் தண்ணில நின்னு பாருங்க. கண்டம் வந்தா எழுந்து நின்னுக்கலாம்."

அந்தக் கண்டத்தோடு நான் எப்படி வளர்ந்தேன் என்பது உனக்கு மறந்திருக்காது. ஆறாம் வகுப்பில் எல்லாரும் ஒகேனக்கல் டூர் போனார்கள். நீ கையெழுத்துப் போடவில்லை. பள்ளிக்கூடத்துக்கே வந்து டீச்சரிடம், "இவளுக்குத் தண்ணில கண்டம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாய், அந்த வருஷம் முழுக்க என் பெயரே 'கண்டம்' ஆனது. கல்யாணத்துக்கு செந்தில் வீட்டில் ஜாதகம் கேட்டார்கள். "பேர் பொருத்தம் பாத்தா போதும், ஜாதகத்தைத் திறக்க வேணாம்" என்றாய். ஏதோ பெரிய தோஷம், மகளைக் காப்பாற்றத்தான் நைனா மறைக்கிறார் என்று நான் உருகிப்போனேன். கல்யாணமாகி கோவா போனபோது, செந்தில் அலையில் குதிக்க, நான் மணலில் அவர் செருப்புக்குக் காவல் இருந்தேன்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. விடியற்காலையில் ஒவ்வொரு தெருவாக வால்வு திறந்துகொண்டு போகும்போது, எந்த வீட்டு வாசலிலாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியின், அந்த சம்ப்பின், மூடி திறந்து கிடந்தால் சைக்கிளை நிறுத்தி இறங்கி அதை மூடுவாய். லீவு நாளில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு போகும்போதும் அப்படித்தான். "உன் வீட்டு சம்ப்பா? உனக்கு இன்னாத்துக்கு?" என்று ஒருத்தர் சண்டைக்கே வந்தார். நீ மூடியைக் காலால் தள்ளி மூடிவிட்டு சைக்கிளில் ஏறி மிதித்தாய். எனக்கு வெட்கமாக இருந்தது.

சரி, நீச்சல் கதைக்கு வருகிறேன். முதல் நாள் கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நீச்சல் குளத்து மருந்துத் தண்ணீர் முடியைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதால், தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்து இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு போனேன். ரப்பர் தொப்பி தலையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. வாசலில் இருந்த காவலாளி, "அம்மா, இது குளம், வாணலி கிடையாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று தடவை ஷாம்பூ போட்டுக் குளித்த பிறகுதான் உள்ளே விட்டார்.

உள்ளே போய் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. நாலடித் தண்ணீரில், சுவரில் பதித்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். காவ்யா கூப்பிடுவது காதில் விழுகிறது. என்ன சொல்கிறாள் என்று புரிகிறது. கால் மட்டும் நகரவில்லை. பக்கத்தில் இருந்த குழந்தைகள் என்னைச் சுற்றிக்கொண்டு நீந்திப் போனார்கள். இப்படியே ஒன்பது நாள். பத்தாவது நாள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். ஒரு மாதம் கழித்து கம்பியை விட்டேன். மழைக்காலம் முடிவதற்குள் ஐம்பது மீட்டர் குளத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, ஒரு முழு நீளம், போய்ச் சேர்ந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் போட்டோ முன்னால் நின்று அழுதேன். சந்தோஷத்தில் பாதி, உன் சொல்லை மீறிவிட்டேனே என்று பாதி.

போட்டிக்குப் பெயர் கொடுத்ததும் மனசு கேட்கவில்லை. எதற்கும் ஒரு பரிகாரம் செய்துவிட்டு இறங்கலாம் என்று தோன்றியது. உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சம்பளச் சீட்டுக்கு அடியில், மஞ்சள் தடவிய என் ஜாதக நோட்டு இருந்தது. கோயில் தெருவில் இருக்கிற ஜோசியரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் முன்னால் ஒருமுறை புரட்டினார், பின்னாலிருந்து ஒருமுறை புரட்டினார்.

"தண்ணி கண்டம்னு யாரும்மா சொன்னது?"

"எங்க அப்பா சொல்லுவாருங்க."

"எட்டாம் இடம் சுத்தமா இருக்கு. கண்டம்னு ஒண்ணுமே இல்ல. கொஞ்சம் வாயுத் தொந்தரவு இருக்கும், அவ்வளவுதான். பரிகாரம் வேணாம், பெருங்காயம் சேத்துக்க."

நைனா, அடுத்து வந்தவர்கள் நகரச் சொல்லும்வரை எழவில்லை.

வீட்டுக்கு வந்தால் அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நோட்டை அவள் மடியில் வைத்தேன். "இதுல கண்டமே இல்லையாம்மா." இன்னும் நாலைந்து காய் உரித்தாள்.

"அந்த மனுசன் போனப்புறமும் இதைக் கிளறணுமா?" என்றாள். நான் நகராமல் நிற்கவும், அவளே சொன்னாள்.

"உனக்கு மூணு வயசு. அவரு ஆபீஸ் ஆளுங்க எல்லாம் சேந்து வேன் புடிச்சு ஸ்ரீரங்கப்பட்டணம் போனோம். படியில வெளையாடிட்டு இருந்தே. காவேரில வழுக்கி விழுந்துட்டே. நான் மேல சாப்பாடு பிரிச்சிட்டு இருந்தேன். உங்க நைனா பக்கத்துலதான் நின்னாரு, ரெண்டு படி மேல. நின்னாரு. அவ்வளவுதான். எறங்கல, கத்தக்கூட இல்ல. துணி தொவைச்சிட்டு இருந்த ஒரு பொம்பளை ஓடியாந்து உன் கவுனைப் புடிச்சுத் தூக்கினா."

"அவருக்கு நீச்சல் தெரியாதா?"

"எங்க தெரியும்? கூட வந்தவன் ஒருத்தன், 'ஊருக்கெல்லாம் தண்ணி விடுறான், அவன் கால் நனையல பாரு'ன்னு சொல்லிட்டான். வேன்ல எல்லாம் சிரிச்சாங்க. வர வழி முழுக்க உன்னை மடியிலயே வெச்சிட்டு வந்தாரு. வீட்டு வாசல்ல எறங்கினதும் அக்கம்பக்கத்துல சொன்னாரு, கொழந்தைக்கு ஜாதகத்துல கண்டம் இருக்குன்னு. நானும் வாய மூடிக்கினேன். வேற இன்னா பண்றது?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. இரண்டு நாள் குளத்துக்குப் போகவில்லை. உன் போட்டோவுக்குப் பூ வைக்கவில்லை, தெரியுமா? ஒகேனக்கல், கோவா மணல், ஆறாம் வகுப்புப் பட்டப்பெயர், எல்லாம் வரிசையாக வந்து நின்றது. உன் பயத்தை எடுத்து என் நட்சத்திரத்தின் தலையில் கட்டிவிட்டாயே என்று பொருமினேன். 'எனக்கு நீச்சல் தெரியாது, நீயாவது கற்றுக்கொள்' என்று நீ சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? இன்றைக்கும் அந்தக் கேள்வி எனக்கு இருக்கிறது.

மூன்றாவது நாள் போனேன். ஜாதகத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டதே, இனி மீன் மாதிரி போவேன் என்று நினைப்பு. நாலாவது நீளத்தில், அடி எட்டாத ஆழத்தில், பழைய பயம் பிடித்துக்கொண்டது. மிதவைக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். காவ்யா கரையிலிருந்து, "கால் ஆட்டுங்க மேடம், கால்" என்கிறாள். கேட்கிறது, புரிகிறது, கால் ஆடவில்லை. முதல் ஒன்பது நாள் நின்ற அதே நிலை.

அப்போதுதான் உன்னைப் பார்த்தேன் நைனா. ரெண்டு படி மேலே நின்ற உன்னை. நான் விழுந்தது உனக்குத் தெரிந்திருக்கும், இறங்க வேண்டும் என்றும் தெரிந்திருக்கும். கால் வந்திருக்காது. அதற்கு அன்பு இல்லை என்று அர்த்தமில்லை என்பது கயிற்றில் தொங்குகிறவளுக்குத் தெரிகிறது, வேனில் சிரித்தவர்களுக்குத் தெரியவில்லை. எத்தனை தெருவில் எத்தனை சம்ப் மூடியை மூடியிருப்பாய். ஒவ்வொன்றிலும் யாரை நினைத்துக்கொண்டு மூடினாய் என்று எனக்கு இப்போது தெரிகிறது. இதை நீ உயிரோடு இருக்கும்போது என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

கோபம் அங்கேயே முழுசாகக் கரைந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கயிற்றை விட்டேன். கால் ஆடியது. அன்றைக்கு ஒன்பது நீளம். போன வியாழக்கிழமை, நடுவில் எதையும் பிடிக்காமல், பதினைந்து நீளமும் முடித்தேன். எழுநூற்றைம்பது மீட்டர். காவ்யா கரையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தாள், முடித்ததும், "ஆய்த்து மேடம், ஆய்த்து" என்று என்னைவிட அதிகமாகக் குதித்தாள். சர்க்கரையும் இறங்கியிருக்கிறது, அதே மெஷின்தான் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமைக்கு எல்லாம் தயார். செந்தில் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுவிட்டார். என் தலைக்கு மட்டும் எண்ணெய் கிடையாது. அம்மா தானும் வருவேன் என்கிறாள். முட்டிவலியோடு எதற்கு என்றால், "அன்னிக்கு நான் சாப்பாடு பிரிச்சிட்டு இருந்தேன், இந்த வாட்டி பாக்கணும்" என்கிறாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பயம் வந்தால் வந்தது என்று சொல்வேன், அதை யார் ஜாதகத்திலும் எழுத மாட்டேன். முடியவில்லை என்றால் கயிற்றைப் பிடித்து மூச்சு வாங்குவேன், பிறகு விடுவேன். கடைசி ஆளாக வந்தாலும் கரையேறி, உன்னிடம் பழகிய சைக்கிளை மிதித்து, ஓடி முடித்துவிட்டு வருவேன். திங்கட்கிழமை உன் போட்டோவுக்கு மல்லிகைப் பூ உண்டு.

நீயும் வா நைனா. அம்மா பக்கத்தில் நில். நீ தண்ணீரில் இறங்க வேண்டாம், கத்தவும் வேண்டாம். உன் மகளுக்கு நீச்சல் தெரியும். இந்தத் தடவை கரையில் நின்றால் போதும்.

ஊருக்கெல்லாம் தண்ணீர் விட்டவரின் மகள்,
கலா