நாலு மூலையிலும் மஞ்சள்

நான் ஒரு நாளும் பார்த்திராத என் ரெஜினா அக்காவுக்கு,

முதலில் 'நீங்க' என்று போட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன். நாலு வரி போனதும் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதுகிற மாதிரி இருந்தது. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி என்மேல் கோபமாக இருக்கிறாள். அதையே என்னால் தாங்க முடியவில்லை.

நான் பச்சையம்மா. நைனார்பாளையத்துக்காரி. இந்த ஜூன் மாதம் உன் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு வந்தவள். ஞானஸ்நானத்தில் மேரி என்று பெயர் வைத்தார்கள். யாராவது அப்படிக் கூப்பிட்டால், பக்கத்தில் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றுகொண்டிருப்பேன். உன் அடுப்பில்தான் சமைக்கிறேன். உன் குடத்தில்தான் தண்ணீர் பிடிக்கிறேன். உன் மகள் பெனிட்டா இந்த ஆறு மாதத்தில் என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. "சோறு ஆயிடுச்சான்னு கேளுப்பா" என்று அவள் அப்பாவிடம் சொல்வாள். நான் எதிரிலேயே கரண்டியோடு நின்றுகொண்டிருப்பேன்.

நாளை கிறிஸ்துமஸ். அதற்கு மறுநாள் கடலூரிலிருந்து உன் அக்கா வந்து அவளை அழைத்துக்கொண்டு போகப்போகிறார்கள். லீவுக்கு இல்லை, அங்கேயே வைத்துக்கொள்ள. பள்ளிக்கூடம்கூடப் பேசி முடித்துவிட்டார்கள். பெனிட்டாவே போன் பண்ணி வரச் சொன்னாள். காரணம் நான்தான். அதைச் சொல்லத்தான் படுத்திருக்கிற உன்னை எழுப்புகிறேன்.

உன் பிஸ்கட் டப்பா உனக்கு நினைவிருக்கும். நீ கண்ணை மூடின அந்த நவம்பரில், அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கென்று பன்னிரண்டு வெள்ளை அட்டை வெட்டி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் படம் போட்டு அதில் வைத்திருந்தாயாம். நட்சத்திரம், மெழுகுவத்தி, குடில், மணி. ஒரு அட்டையில் கழுதை. அதற்குக் காதும் முதுகும்தான் இருக்கிறது, காலே இல்லை. அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று உன் வீட்டுக்காரர் சொன்னார். மூன்றே நாள் காய்ச்சல்.

அந்த வருஷம் இந்த வீட்டில் ஸ்டார் கட்டவில்லை. போன வருஷமும் கட்டவில்லை. இந்த டிசம்பர் பிறந்ததும் பெனிட்டாவே வாயைத் திறந்து, "இந்த வருஷம் ஸ்டாரு கட்லாமாப்பா? அம்மா கார்டுக்கும் நானே கலரு அடிச்சிடறேன். செவப்பும் பச்சையும் இருந்தா போதும், கிறிஸ்மஸுக்கு ஆவும்" என்றாள். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மறுநாளே கல்வராயன் மலைக்கு மரவள்ளி லோடு ஏற்றப் போனவர், ஸ்டாருக்கு மூங்கில் பிளாச்சு ஒரு கட்டு கொண்டுவந்து போட்டார். நானும் என் பங்குக்குத் தேங்காய்த் தொட்டியில் மண் போட்டுக் கேழ்வரகு விதைத்தேன். குடிலுக்குப் புல் வேண்டுமே. முளைப்பாரி போட எனக்குச் சொல்லியா தரவேண்டும்.

அதோடு நின்றிருக்கலாம். எனக்குக் கை சும்மா இருக்காது, அக்கா.

அரைப் பரீட்சை கடைசி நாள். அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். டப்பா மேசைமேல் திறந்திருந்தது. அட்டை எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. எங்கள் பக்கம் நல்ல சேதி எழுதின காகிதம் நாலு மூலையில் மஞ்சள் வைக்காமல் வாசலைத் தாண்டாது. வெறும் வெள்ளையாக ஒன்று வந்தால் வாங்குகிற கை நடுங்கும், யாருக்கு என்ன ஆச்சோ என்று. தாயில்லாத பிள்ளை முதல்முதலாகக் கொடுக்கப்போகிற அட்டை, மொட்டையாகப் போகக்கூடாது என்று நினைத்தேன். மஞ்சள் கிழங்கைக் கல்லில் உரசி, பன்னிரண்டு அட்டைக்கும் நாலு மூலையிலும் விரலால் தொட்டு வைத்து, முறத்தில் பரப்பிக் காயவைத்தேன். மனசுக்குள் சாமி கும்பிட்டுக்கொண்டே செய்தேன் என்பதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் முறத்தின் முன்னால் நின்றாள்.

"இத்த யாரு பண்ணது?"

"நான்தான் கண்ணு. நல்லதுக்குப் போற காயிதமாச்சேன்னு..."

"கண்ணுன்னு கூப்புடாதீங்க." குரல் உயரவே இல்லை. "இது எங்கம்மா வரைஞ்சது. அது வெச்ச மாதிரியே வெச்சினு இருந்தேன். ரெண்டு வருஷமா நானே தொடல. நீங்க ஏன் தொட்டீங்க?"

அவள் அழுதிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் அழவில்லை. துப்பட்டா நுனியை நனைத்து ஒவ்வொரு மூலையாகத் துடைத்தாள். மஞ்சள் இன்னும் பரவியதுதான் மிச்சம். பிறகு அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே பேசினது எனக்கு நன்றாகக் கேட்டது. "பெரிம்மா, என்னை வந்து கூட்டினு போ. இங்க எங்கம்மாது ஒண்ணு ஒண்ணா போவுது."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் பத்து நாளாக நான் சோறு தின்கிறேன்.

உன் வீட்டுக்காரர் வந்து அட்டைகளைப் பார்த்தார். "இன்னா பச்ச, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணியிருக்கலாம்ல" என்றார். அவ்வளவுதான் திட்டினார். ராத்திரி சாப்பிடும்போது, "கொஞ்ச நாளு அங்க இருந்துட்டு வரட்டும்" என்றார். கொஞ்ச நாள் என்று சொன்னவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பெனிட்டா அன்றைக்கே பையில் துணியை அடுக்கிக் கதவோரம் வைத்துவிட்டாள். தினமும் அதைத் தாண்டித்தான் நான் வாசல் பெருக்குகிறேன்.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. இருபத்தெட்டு வயசில் வயிற்றில் கட்டி என்று எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு என்னைப் பெண் பார்க்க யாரும் வரவில்லை. களை எடுக்கவும் கரும்புக்குச் சோகை உரிக்கவும் போய்க்கொண்டு, அண்ணன் வீட்டு மூலையில் கிடந்தேன். புரோக்கர் வந்து, "ரெண்டாந்தாரம்தான், ஒரு பொண்ணு இருக்குது" என்றபோது என் அண்ணி முகம் சுளித்தாள். எனக்கு அந்தப் 'பொண்ணு இருக்குது' மட்டும்தான் காதில் விழுந்தது. ஆசையோடு வந்தேன், அக்கா. உன் இடத்தைப் பிடிக்க வரவில்லை. உன் பிள்ளைக்குத் தலை பின்னிவிட வந்தேன். இதுவரைக்கும் ஒரு நாள்கூட அவள் தலையைக் காட்டவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு வந்தபோது ஒரு புடவையை மடித்து உன் கல்மேல் வைத்தேனே, அது உனக்குப் பிடித்திருந்ததா? எங்களில் இளையவளாக வருகிறவள் மூத்தவளுக்குப் புடவை வைத்துப் படைத்துவிட்டுத்தான் தான் ஒன்று கட்டுவாள். உன் அக்காவுக்கு அது புரியவில்லை. "இதெல்லாம் நம்ம வழக்கம் இல்ல" என்று எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். நான் இன்னும் அதைக் கட்டவில்லை. நாளைக்கும் பழையதுதான்.

மஞ்சளை எப்படியாவது எடுத்துவிடலாம் என்று மறுநாள் முட்டாள்தனமாக இன்னொன்றும் செய்தேன். ஓர் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டுபோய், துவைக்கிற சோப்பை ஈரத்துணியில் தொட்டு ஒரு மூலையைத் துடைத்தேன். ரத்தம் மாதிரி சிவந்துவிட்டது. துவைக்கிற கல்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இனி இந்த வீட்டில் நான் தொடுவதற்கு ஒன்றும் இல்லை, நைனார்பாளையத்துக்கே போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. உன் பிள்ளை இருக்கட்டும், நான் போய்விடுகிறேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அண்ணன் வீட்டு மூலை கண்முன் வந்ததும் அடங்கிவிட்டேன். கோழை என்று நினைத்துக்கொள்.

அப்புறம்தான் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெற்றிலை போடுகிற பழக்கம் உண்டு. பங்குச் சாமியாருக்குத் தெரியாது, நீயும் சொல்லிவிடாதே. ஆரத்தித் தண்ணீர் எப்படிச் சிவக்கிறது என்று எனக்குத் தெரியாதா? உன் அட்டையை இனித் தொடுவதில்லை என்று, பழைய காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் மஞ்சளைத் தடவிக் காயவைத்தேன். தீக்குச்சி முனையில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு ஐந்து புள்ளி வைத்தேன். ஐந்தும் சிவப்பு இதழாக எழுந்தன.

அந்தத் தாளையும் சுண்ணாம்பு டப்பாவையும் அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனேன்.

"இது இன்னாது?"

அந்த முறத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. கையில் சாம்பலோடு அப்படியே நின்றேன்.

"சுண்ணாம்பு."

"வெச்சா மஞ்சளு போயிடுமா?"

"போவாது. செவப்பாவும்."

"போவாதுன்னா அப்புறம் இன்னாத்துக்கு?"

"செவப்பு இருந்தா கிறிஸ்மஸுக்கு ஆவும்னு நீதான் அன்னிக்கு அப்பாகிட்ட சொன்ன."

அவள் தீக்குச்சியை எடுத்தாள். இரண்டு நாள், அக்கா. தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு மூலைக்கு ஒரு பூவாக வைத்தாள். பரவிப்போன மஞ்சளையும் இலை மாதிரி வளைத்துப் பச்சை அடித்துவிட்டாள். உன் பென்சில் கோட்டின்மேல் ஒரு துளி படவில்லை. நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து ஸ்டாருக்குப் பிளாச்சு கட்டினேன், மைதாப் பசை காய்ச்சினேன். "பசை" என்று கையை நீட்டுவாள், கொடுப்பேன். "கத்திரிக்கோலு" என்பாள், கொடுப்பேன். இவ்வளவுதான் பேச்சு. இதையே நான் சாகிற வரைக்கும் வைத்துக்கொண்டு பிழைத்துவிடுவேன். நாளன்றைக்கு அதுவும் இருக்காது.

நேற்று மத்தியானம் அட்டைகளில் பெயர் எழுத உட்கார்ந்தாள். அப்பா, பெரியம்மா, கணக்கு டீச்சர், எதிர்வீட்டு அக்கா. ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தவள், தலை நிமிராமலே கேட்டாள்.

"உங்களுக்கு இன்னான்னு போடறது?"

எனக்கும் ஒரு அட்டை இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரியும். சித்தி என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குள் இருந்தது. நான் சொல்லி அவள் எழுதினால் அது என் வார்த்தைதானே, அவளுடையது எப்படி ஆகும்? இன்னொரு வார்த்தை இருக்கிறது. அதன்மேல் கண்ணை வைக்க எனக்குத் தைரியம் இல்லை, அது உன்னுடையது.

"ஒண்ணும் போட வேணாம். ஊருக்குப் போயிட்டு வந்து, உனக்கு இன்னா தோணுதோ அத்த போடு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன். வெங்காயம் நறுக்கினேன் என்று வைத்துக்கொள்.

இன்று காலையில் ஸ்டார் ஏற்றிவிட்டோம். குடிலும் வைத்தாயிற்று. கேழ்வரகு நாலு விரல் உயரம் வந்திருக்கிறது. அதற்குத் தண்ணீர் தெளிக்கப் போனபோது தேங்காய்த் தொட்டியில் ஒரு அட்டை சொருகியிருந்தது. உன் கழுதை. அதற்கு நாலு காலும் வந்துவிட்டது, அக்கா. ஒன்று கொஞ்சம் நொண்டி. மற்ற பதினோரு அட்டையிலும் சிவப்புப் பூ. இதில் மட்டும் நாலு மூலையிலும் நான் வைத்த மஞ்சள், பரவினது பரவினபடியே இருந்தது, சுண்ணாம்பு படவே இல்லை. உள்ளே 'அன்புள்ள' என்று எழுதி, பக்கத்தில் பெயருக்கு இடம் விட்டிருக்கிறாள்.

பையைப் பார்த்தேன். இன்னும் கதவோரமாகத்தான் இருக்கிறது. ஜிப் போட்டபடி.

அந்த இடத்தை வந்து எழுதுவதற்காக விட்டாளா, எழுத ஒன்றுமில்லை என்று விட்டாளா? நீ பெற்றவள், உனக்குத் தெரியும். எனக்கு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அவளைக் கேட்க வாய் வரவில்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன். அவள் கனவில் வந்தால் எனக்காக ஒரு வார்த்தை சொல். இரு என்று சொல்லச் சொல்லவில்லை. இவள் தெரியாமல் செய்துவிட்டாள் என்று மட்டும் சொல்.

சாயங்காலம் மெழுகுவத்தி ஏற்ற மூன்று பேரும் உன்னிடம் வருவோம். இந்தக் காகிதத்தை அந்தப் புடவை மடிப்பில் வைத்து, உன் கல்லடியில் சொருகிவிடுகிறேன். இந்தத் தடவை யாரும் எடுக்காதபடி உள்ளே தள்ளி வைக்கிறேன். நாலு மூலையிலும் மஞ்சள் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

அவள் இருந்தாலும் போனாலும் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். டிசம்பர் வந்தால் இந்த வீட்டு வாசலில் ஸ்டார் இருக்கும், குடிலில் புல் இருக்கும். அவள் விட்டுவைத்த அந்த இடத்தில் நானாக ஓர் எழுத்தும் எழுத மாட்டேன். பென்சிலைச் சீவி உன் டப்பாவில் வைத்திருப்பேன்.

உன் பிள்ளையை உன்னிடமே கேட்டு நிற்கும்
உன் தங்கச்சி,
பச்சையம்மா