குறுக்கே நின்ற கைப்பிடி

அன்புள்ள மகளுக்கு,

வீட்டில் எல்லாரும் உடலளவில் சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் அங்கே சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். என் மனம் சுகமாக இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதிக் கடிதம் வரை உன்னைச் சிரிக்கவைத்துவிட்டுப் பிறகு கோபத்தை எடுத்து நீட்டும் பழக்கம் எனக்கில்லை. சனிக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியை வைத்துவிட்டேன். பதில் இல்லாமல் அல்ல. தொலைபேசியில் நீ இடைமறிப்பாய், காகிதத்தில் அது முடியாது. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என் மேல் உள்ள வருத்தம் குறையவில்லை. இந்தக் கடிதத்தை அனுப்பக் கூடாது என்று மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டில் உப்பு போதுமா என்று கேட்கக்கூட உன் தம்பியைத்தான் தூது விடுகிறாள், அவனும் "சமையலறைத் தரப்பு கேக்குதுப்பா, உப்பு சரியா இருக்கா?" என்று கைகட்டி வந்து நிற்கிறான். அவனுக்கு இது விளையாட்டு.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் அன்று நீ அதை முழுதாகக் கேட்கவே இல்லை. உங்கள் தொழிற்சாலை இந்த மாதிரி டீசல் ரயில் எஞ்சினை நூற்றுப் பன்னிரண்டு செய்தது. நூற்றுப் பன்னிரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பராமரிப்புக் கையேடு. ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்பது எங்கள் ஷெட்டில் தரை கூட்டுகிறவருக்கும் தெரியும். முதல் நாற்பதில் குளிர்விக்கும் விசிறி பெல்ட்டில் ஓடும், நாற்பத்தொன்றிலிருந்து தனி மோட்டாரில் ஓடும். எழுபதுக்கு மேல் தண்டவாளத்தில் மணல் தூவும் பெட்டி இடம் மாறியது, ஓட்டுநர் அறை ஜன்னல் ஒரு சாண் குறுகியது. யாரோ எங்கோ மேசையில் ஒரு கோட்டை அழித்து வேறு கோடு போடுவார்கள், இங்கே ஒருவர் குனிந்து கைவிட்டுத் தடவிப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொள்வார். எங்கள் ஆட்கள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஓட்டுநர் அறைக் கதவில் மூன்று கீல் இருந்தால் அது முதல் நாற்பதில் ஒன்று, இரண்டு கீல் இருந்தால் பிந்தியது. எண்ணைப் பார்ப்பதில்லை, கீலைப் பார்ப்பார்கள்.

அப்படிப் பார்த்த ஒருவர் இன்று மருத்துவமனையில் கிடக்கிறார். சிறு வயதில் நீ சுருட்டை மாமா என்று கூப்பிடுவாயே, அதே ஃபிட்டர்தான். தலையில் சுருட்டுவதற்கு இப்போது ஒன்றும் மிச்சமில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஐம்பத்தேழாம் எண் வண்டியில் எஞ்சின் சூட்டை வாங்கிக்கொண்டு ஓடும் நீர்க் குழாய் ஒன்று கசிந்ததால் அதைக் கழற்றப் போனார். எந்தக் குழாயிலும் கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் வால்வு திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது என்றுதான் உலகம் முழுக்கப் பொருள். கைப்பிடி குறுக்கே நின்றது. கதவில் மூன்று கீல் இருந்தன. மூடியிருக்கிறது என்று நம்பி இணைப்பைத் தளர்த்தினார், கொதித்துக்கொண்டிருந்த நீர் அழுத்தத்தோடு பாய்ந்து கழுத்திலிருந்து வலது முழங்கை வரை தோலை உரித்துவிட்டது. நாற்பத்தொன்றிலிருந்து அந்தக் கைப்பிடி தலைகீழ், அதாவது குறுக்கே நின்றால் திறந்திருக்கிறது. ஐம்பத்தேழு பிந்திய வண்டி. மூன்று வருடத்துக்கு முன் அது மோதி முகம் நசுங்கியபோது, உடைப்புக்குப் போன பதினெட்டாம் எண்ணின் ஓட்டுநர் அறையை வெட்டி எடுத்து அதற்குப் பற்றவைத்தார்கள். பழைய முகம், புதிய வயிறு.

மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனேன். கட்டுகளுக்கு நடுவில் வாய் மட்டும்தான் வேலை செய்கிறது, அது முன்பைவிட நன்றாகவே செய்கிறது. "மூஞ்சியைப் பாத்து ஆளை நம்பாதேன்னு எங்கப்பா அன்னைக்கே சொன்னாரு சார், நான்தான் எஞ்சினுக்கும் அது பொருந்தும்னு நினைக்கல" என்றார். கைப்பிடி தலைகீழ் என்பது முன்பே தெரியுமா என்று கேட்டேன். முதல் ரெட்டைக் கீல் வண்டி வந்த வாரமே தெரியும், நல்லவேளை அன்று தண்ணீர் ஆறியிருந்தது, சட்டை மட்டும் நனைந்தது, அன்றிலிருந்து மூணு கீல்னா ஒரு மாதிரி ரெண்டு கீல்னா வேற மாதிரி என்று தங்களுக்குள் வாயால் சொல்லிவைத்துக்கொண்டோம் என்றார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். "டிராயிங் உங்ககிட்டதானே சார் வரும், உங்களுக்குத் தெரியாததையா நாங்க சொல்லப்போறோம்" என்றார். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே அப்படி நம்பியிருக்கிறார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி மெதுவாக, "உங்க பொண்ணு வேலை பாக்குற கம்பெனி வண்டிதானே சார் இது, பாப்பாவைக் கேட்டா ஏன் மாத்தினாங்கன்னு தெரியுமில்ல?" என்றார். அதனால்தான் உன்னை அழைத்தேன்.

நீ சொன்ன பதிலை உன் சொற்களிலேயே எழுதுகிறேன், நீயே படித்துப் பார். "அது சின்ன மாத்தம்தான்பா. புது வால்வோட கைப்பிடி பக்கத்துல இருந்த பிராக்கெட்ல இடிச்சுது. பிராக்கெட்டை நகர்த்தினா அஞ்சு டிராயிங் திருத்தணும், கைப்பிடியைத் திருப்பி மாட்டினா ஒண்ணு போதும். கையேடு எங்க டிபார்ட்மெண்ட் இல்ல." ஐம்பத்தேழுக்கு வேறு முகம் ஒட்டியது நாங்கள்தானே, அதற்குத் தொழிற்சாலை என்ன செய்யும் என்றும் கேட்டாய். உன் வாதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஓட்டை இல்லாத வாதத்தைத் தயாராக வைத்திருக்கிறாய் என்பதுதான் என் உடம்பை எரிக்கிறது. ஒரு மனிதனின் தோல் உரிந்தது என்று நான் சொல்லி முடிப்பதற்குள், எந்தத் துறையின் பொறுப்பு என்று நீ பிரித்துவிட்டாய். அவருக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு முறையாவது கேட்டாயா? அதற்கு மேலும் போய், "கமிட்டி சொல்ற இடத்துல கையெழுத்துப் போட்டுட்டு வாங்கப்பா, இன்னும் ஒரு வருஷத்துல ரிட்டையர் ஆகப்போறீங்க, என் பேரை இதுல இழுக்காதீங்க" என்றாய்.

விபத்தை விசாரிக்கும் அந்தக் கமிட்டி என்ன சொல்கிறது என்று தெரிந்துதான் சொன்னாயா? அறிக்கை ஏற்கெனவே தட்டச்சாகி வந்துவிட்டது. எஞ்சின் எண்ணைப் பார்க்காமலும் கையேட்டைப் பின்பற்றாமலும் ஃபிட்டர் அலட்சியமாக வேலை செய்தார், ஆகவே பணிநீக்கம். பராமரிப்புப் பொறியாளர் என்ற முறையில் அதன் கீழ் என் கையெழுத்து வேண்டுமாம். கையேட்டைப் பிரித்துப் பார்த்தேன். கைப்பிடி நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல் என்று நூற்றுப் பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரே படம் போட்டிருக்கிறது. கையேட்டைப் பின்பற்றியிருந்தாலும் அவர் இதே போலத்தான் வெந்திருப்பார். அவருடைய இருபத்தாறு வருட வேலையை அலட்சியம் என்ற ஒரு சொல்லில் முடித்து, வெந்த கையோடு வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். இனி அந்தக் கை ஸ்பேனர் பிடிக்குமா என்று தெரியாது, வேறு எந்த ஷெட்டும் அவரை வாசலில்கூட நிற்கவிடாது. ஷெட் தலைவர் என் தோளில் கைபோட்டு, "ஒரு கையெழுத்துதானே சார், ஊரோடு ஒத்துப் போங்க" என்றார். அந்தக் கையை எடுக்கச் சொன்னேன்.

இப்போது எழுதப்போவதை உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. அந்த மாற்றத்தைக் காட்டும் வரைபடம் இங்கே வந்து சேர்ந்ததா என்று ஆவண அறையில் இரண்டு நாள் தேடினேன். பதிவேட்டில் வந்ததாக இருந்தது, அலமாரியில் இல்லை. மூன்றாம் நாள் என் நாற்காலியில் சாய்ந்தபோது எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. நீ வேலைக்குச் சேர்ந்து உன் பெயரெழுத்தோடு இந்த ஷெட்டுக்கு வந்த முதல் வரைபடம். ஏழு வருடமாக, உள்ளே வருகிற ஆய்வாளரையும் தேநீர் கொண்டுவருகிறவரையும் எழுப்பி நிறுத்தி, மூலைக் கட்டத்தில் விரல் வைத்து, "பாருங்க, இது என் பொண்ணு போட்டது" என்று காட்டியிருக்கிறேன். அந்த எழுத்துக்கு இடப்பக்கம், அரை விரற்கடை தள்ளி, "வால்வு கைப்பிடியின் நிலை மாற்றப்பட்டது" என்று ஒரு வரி இருக்கிறது. ஏழு வருடத்தில் நான் அதை ஒருமுறையும் படிக்கவில்லை. நீ கையேட்டுக்காரர்களிடம் சொல்லவில்லை, நான் ஃபிட்டர்களிடம் சொல்லவில்லை. ஆகவே என் கோபம் முழுவதும் உனக்கே என்று எண்ணாதே, பங்கு பிரித்துத்தான் அனுப்புகிறேன்.

இருபத்திரண்டாம் தேதி விசாரணை. நான் கையெழுத்துப் போடமாட்டேன். அந்தச் சட்டத்தைக் கழற்றி வரைபடத்தை மேசைமேல் விரித்து, பெற்றுக்கொண்டேன் என்று பின்பக்கம் நான் போட்ட கையெழுத்தையும் திருப்பிக் காட்டுவேன். உன் பெயரை நான் இழுக்கவில்லை, அது அங்கேயே இருக்கிறது. இந்த எழுத்து யாருடையது என்று கேட்பார்கள், என் மகளுடையது என்பேன். அதை எந்தக் குரலில் சொல்வது என்பதை மட்டும் உன்னிடம் விடுகிறேன். அதற்குள் கைப்பிடி ஏன் மாற்றப்பட்டது, கையேடு ஏன் மாற்றப்படவில்லை என்று உன் கையொப்பமிட்டு நீ அவர்களுக்கு எழுத வேண்டும். உனக்கு வேலை போகுமோ என்று அம்மா பயப்படுகிறாள். போகலாம். படித்தவள், இளையவள், இரண்டு கையும் நன்றாக இருக்கின்றன, வேறு வேலை தேடிக்கொள்வாய். இன்னும் எழுபத்தொரு வண்டிகள் அந்தத் தலைகீழ்க் கைப்பிடியோடு இங்கும் மற்ற ஷெட்டுகளிலும் ஓடுகின்றன, அவற்றுக்கெல்லாம் முகம் மாறியதா என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது.

குளிருக்கு ஒழுங்காக உடுத்திக்கொள், வேளைக்குச் சாப்பிடு. நீ நீண்ட ஆயுளோடும் யார் முன்னும் தலை குனிய வேண்டாத வாழ்வோடும் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன், இந்தக் கோபத்திலும் அதில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்கவில்லை. மறக்காதே, இருபத்திரண்டு. எனக்குப் பதில் எழுத வேண்டாம், நகலும் அனுப்ப வேண்டாம். நீ எழுதியிருந்தால் அது அவர்கள் கையில் இருக்கும், நான் அங்கே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா